எஸ்டிமேட் எழுதுவதற்கு முன்னால் போய் உட்காருங்கள்

பூங்காவோ ஏரிக்கரையோ, அதன் தலையெழுத்தை எழுதுவது எஸ்டிமேட் போடுகிறவர்தான். பூங்கா, ஏரிக்கரை மாதிரியான திறந்தவெளிகளை வடிவமைக்கும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டாகச் சென்னையிலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இத்தனை காலம் வேலை பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது ஒன்றுதான். நாங்கள் வரையும் படம் அழகாக இருக்கலாம், கருத்தரங்கில் கைதட்டலும் வாங்கலாம். ஆனால் எஸ்டிமேட்டில் அது "செடிகள், மரங்கள் – மொத்தமாக" என்று ஒரே வரியாகப் போய் விழுந்துவிட்டால், அந்தப் படத்துக்கும் தரையில் நடக்கப்போகும் வேலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எங்கள் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள்: "மரத்துக்காக, ஏரிக்காக ஏதாவது குரல் கொடுக்கணும் மேடம், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" பதாகை பிடிப்பதிலிருந்து என்று எதிர்பார்த்து வருகிறார்கள். நான் பார்த்தவரை குரல் கொடுப்பதில் பாதி காகித வேலை, மீதிப் பாதி டீக்கடைப் பேச்சு. பதாகைக்கும் இடம் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பதாகை பிடிக்க நம்மைவிடத் தைரியமானவர்கள் இருக்கிறார்கள். கரையின் சரிவு செங்குத்தாக ஒன்றுக்கு இரண்டா, படுத்தாற்போல் ஒன்றுக்கு ஐந்தா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

ஒரு ஏரியின் கதையைச் சொல்கிறேன். புறநகர், பெயர் வேண்டாம். ஒரு காலத்தில் அதை நம்பி நெல் விளைந்தது. இப்போது மூன்று பக்கமும் வீட்டு மனைகள். அதை "அழகுபடுத்த" ஒரு திட்டம் வந்தது. நான்கு பக்கமும் உயரமான கரை, கரையின் உட்புறம் முழுக்கக் கல் பதிப்பு, மேலே பேவர் பிளாக் நடைபாதை, நடுவில் ஒரு தீவு, சுற்றிலும் கம்பி வேலி, வாசலில் செல்ஃபி பாயிண்ட். செல்ஃபி பாயிண்ட் இல்லாத ஏரித் திட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வேண்டியது சர்க்கரையைக் குறைக்க ஒரு நடைபாதை. அதில் ஒரு தப்பும் இல்லை. "நீங்க இந்த லைன்ல இருக்கீங்களே, படத்தை ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று கூப்பிட்டார். பார்த்ததும் முதலில் கண்ணில் பட்டது செல்ஃபி பாயிண்ட் இல்லை, நாலாவது கரை. நம் ஊர் ஏரிக்கு நான்கு கரை கிடையாது. பள்ளத்துப் பக்கம் மட்டும்தான் கரை, அதுவும் அரைவட்டமாக வளைந்து நிற்கும். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். மழைத் தண்ணீர் வரத்துக் கால்வாய் வழியாகவும், நிலத்தின் மேல் வழிந்தும் அந்தப் பக்கமாகத்தான் உள்ளே வரும். அங்கேயும் கரை கட்டிவிட்டால் அது ஏரி இல்லை, தொட்டி. மழைக்காலத்தில் தொட்டிக்கு வெளியே தண்ணீர் நிற்கும், அதே தலைவர் வீட்டு வாசலில்.

கல் பதிப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏரியின் மேட்டு ஓரம் கணுக்கால் அளவுத் தண்ணீரில் கோரையும் சேறுமாகக் கிடக்கும் இடம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் உள்ளான்களும் பவளக்காலியும் கொக்கும் இரை தேடுவது அங்கேதான். உள்ளே வரும் வண்டலும் அந்தக் கோரையில்தான் தங்கும். செங்குத்தாக வெட்டிக் கல் பதித்தால் முக்குளிப்பானும் நீர்க்காகமும் பிழைத்துக்கொள்ளும், காலால் நடந்து இரை தேடுகிறவை எல்லாம் போய்விடும்.

இதை ஒரு கூட்டத்தில் விளக்கினேன். மரியாதையாகக் கேட்டார்கள். யாரும் அசையவில்லை. அப்புறம் ஒரு அம்மா எழுந்து, "இவ்வளவு செங்குத்தா இருந்தா குழந்தை தவறி விழுந்தா எப்படி மேல ஏறும்?" என்று கேட்டார். கூட்டமே அந்தப் பக்கம் திரும்பியது. பறவைக்காக அசையாத கூட்டம் பிள்ளைக்காக அசைந்தது. அந்தக் கேள்வி என் குறிப்பில் இருந்தது, கடைசிப் பக்கத்தில். அன்றிலிருந்து எந்தக் கூட்டத்திலும் பிள்ளைகளிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். பறவை தானாகப் பின்னால் வந்துவிடும்.

சங்கத்தின் பெயரில் மனு போனது, என் பெயரில் இல்லை. இது முக்கியம். ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனுவுக்கு அலுவலகத்தில் ஒரு எண் விழும், பதில் சொல்ல வேண்டிய கடமை வரும். வெளியிலிருந்து ஒரு நிபுணர் அனுப்பும் கடிதம், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், "ஆலோசனை" என்ற கோப்பில் போய் உறங்கும். நம் பெயர் மனுவின் அடியில் இருக்கத் தேவையில்லை. இணைப்பாகப் போகும் ஒரு பக்கப் படம் நம்முடையதாக இருந்தால் போதும்.

மனுவுக்கு அப்புறம் எஸ்டிமேட் போடும் ஜே.இ., அதாவது இளநிலைப் பொறியாளர், கூப்பிட்டார். சண்டைக்குத் தயாராகப் போனால், மனுஷன் டீ வாங்கிக் கொடுத்தார். "மேடம், நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல, எங்க ஊர் ஏரியும் இப்படித்தான் இருக்கும். ஆனா கல் பதிப்புக்கு ஷெட்யூல்ல ரேட் இருக்கு. உங்க சரிவுக்கு நான் எதைப் போடுறது? ஆடிட்ல என்னைத்தானே கேப்பாங்க?"

எல்லாவற்றுக்கும் இதுதான் திறவுகோல். எதிரே உட்கார்ந்திருப்பவர் இயற்கைக்கு விரோதி இல்லை. அவருக்கு ஷெட்யூலில், அதாவது அரசின் விலைப்பட்டியலில், ஒரு ரேட் வேண்டும், அவ்வளவுதான். ரேட் இல்லாத வேலையைச் செய்தால் பின்னால் அவர் தலைதான் உருளும். அதனால் அங்கேயே உட்கார்ந்து "ஆழமற்ற ஓரம்" என்ற எங்கள் அலங்காரச் சொல்லை உடைத்தோம். மண் வெட்டி எடுத்தல் ஒரு அயிட்டம். எடுத்த மண்ணைக் கொண்டுபோய்ப் பரப்புதல் ஒன்று. தண்ணீர் விட்டு இறுக்குதல் ஒன்று. புல் பதித்தல் ஒன்று. கரைச் சரிவில் புல் பதிப்பது பொதுப்பணி வேலைகளில் காலங்காலமாக இருப்பதுதான், யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சரிவு ஒன்றுக்கு ஐந்து: ஓர் அடி இறங்க ஐந்தடி நடக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் அந்தப் பக்கத்துக்குக் கல் பதிப்பைவிடச் செலவு குறைவு. மிச்சமான பணம் எங்கே போனது என்று கேட்காதீர்கள். நடைபாதை விளக்குகள் ரொம்ப அழகானவை.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர் ஒருவர் இருந்தார். கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. தானே விஷயம் கேள்விப்பட்டு, அளவெடுக்கப் போன இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, ஓரமெல்லாம் கணுக்கால் தண்ணியா ஆக்கிட்டா கெண்டை எங்கம்மா போவும்? கொக்குக்கு விருந்து வைக்கவா நான் குத்தகை எடுத்தேன்?" நியாயமான கேள்வி. அவரோடு கரையைச் சுற்றி நடந்ததில் தெரிந்தது, வண்டல் ஏற்கெனவே மேடு தட்டிப்போன இடங்களில் அவர் வலை வீசுவதே இல்லை என்று. மதகுப் பக்கம் ஆழம் அப்படியே இருக்கட்டும், முடிந்தால் இன்னும் தூர் வாரட்டும். வரத்துக் கால்வாய்ப் பக்கம் மட்டும் ஆழமில்லாமல் விடுவோம் என்று பேசி முடித்தோம். பழைய ஏரி இருந்ததும் அப்படியேதான். மண் கொட்டக் கூடாத இடம், பனை வேர் கரையைப் பிடித்து நிற்கும் இடம், உபரித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலில் எந்த மட்டம் தாண்டினால் தெருவுக்குள் தண்ணீர் வரும் என்பது, எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தவை. எங்கள் சர்வே படத்தில் இவை எதுவும் இல்லை.

கடைசியில் கிடைத்தது அரைக்கிணறுதான். நாலாவது கரை போனது, மேட்டுப் பக்கம் சரிவாக வந்தது. வேலியும் தீவும் அப்படியே இருந்தன, செல்ஃபி பாயிண்ட்டும்தான். துணி துவைக்கும் கல் போட்டிருந்த இடத்துக்கு வேலியில் ஒரு வாசல் கேட்டோம், கொடுத்தார்கள், அதற்கு இப்போது பூட்டுப் போட்டிருக்கிறது. பூட்டைத் திறக்கச் சொல்லி சங்கம் இன்னும் அலுவலகத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருக்கிறது.

தெரு மரங்களின் கதை வேறு மாதிரி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது விழுந்த மரங்களைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த சில வாரங்கள் ஊரெல்லாம் ஒரே பேச்சு: வெளிநாட்டு மரம் விழுந்தது, நாட்டு மரம் நின்றது. அதில் உண்மை இருக்கிறது. குல்மோஹரும் இயல்வாகையும் பட்டுப்பட்டென்று விழுந்தன. வேம்பும் புங்கனும் பல தெருக்களில் கிளை ஒடிந்ததோடு தப்பித்தன. ஆனால் எங்கள் தொழில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, லாரி வந்து அள்ளுவதற்கு முன்பே தெருத்தெருவாகப் போய் விழுந்த மரங்களின் வேரைக் குனிந்து பார்த்தோம். பாதி மரங்களுக்கு ஒரு பக்கம் வேரே இல்லை. மழைநீர் வடிகாலுக்கோ கேபிளுக்கோ தோண்டியபோது சுத்தமாக வெட்டிவிட்டிருக்கிறார்கள், வெட்டிய முகம் ரம்பம் போட்டது போல் நேராகத் தெரிந்தது. சிலவற்றில் வேர் சுருள் சுருளாகத் தன்னையே சுற்றிக்கொண்டிருந்தது. நர்சரிப் பையில் கிடந்த நாளில் சுற்ற ஆரம்பித்தது, நட்ட பிறகும் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. நாட்டு மரமாக இருந்தாலும் இப்படி நட்டால் விழத்தான் செய்யும்.

அதனால் மரம் வாங்கும்போது பையைக் கிழித்து வேரைப் பார்ப்பது எங்கள் குழுவில் வழக்கமானது. சென்னைக்கு வரும் செடிகளில் நிறைய ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கம் கடியத்திலிருந்து லாரியில் வருபவை. வருஷத்துக்கு ஒரு முறை நாலைந்து அலுவலகங்கள் சேர்ந்து அங்கே போகிறோம். தனியாகப் போனால் நர்சரிக்காரர் பையைத் தொட விட மாட்டார். ஐந்து பேராகப் போய், "வேர் நேராக இருந்தால் எல்லோரும் உங்களிடமே எடுக்கிறோம்" என்று சொன்னால் அவரே கத்தியை எடுத்துக் கொடுக்கிறார். தொழில் ஒற்றுமை என்பதை நான் நேரில் பார்த்தது அந்தக் கத்தியில்தான்.

நட்ட பிறகு மரத்துக்கு வரும் ஆபத்து பேவர் பிளாக். மரத்தின் அடிவரை இறுக்கி அடித்து, விட்டுப்போன சந்தில் சிமெண்ட் ஊற்றிவிடுவார்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட் இருக்கக் கூடாது என்று 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. அது டெல்லிக்காகப் போட்டது, நம் ஊரில் அப்படியே செல்லுபடியாகாது. ஆனாலும் மனுவில் காட்டினால் எதிரே இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். சென்னை மாநகராட்சியும் நடப்பவர்களையும் சைக்கிள்காரர்களையும் முன்னிறுத்தி 2014-லேயே ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. கொள்கை நல்ல கொள்கை. நடைபாதை அகலமானது, மரக்குழி சுருங்கியது.

காரணம் சதுர மீட்டர். ஒப்பந்ததாரருக்குப் பில் போவது எம்-புக்கில், அதாவது அளவீட்டுப் புத்தகத்தில், அளந்து எழுதிய பரப்புக்கு. மரத்துக்கு இடம் விட்டால் அவருடைய பரப்பு குறையும், பணமும் குறையும். அப்புறம் ஏன் விடப்போகிறார்? "மரத்தைக் காப்போம்" என்று பலகை வைப்பதைவிட, "மரக்குழி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், சுற்றிலும் கெர்ப் கல், உள்ளே செம்மண்ணும் எருவும்" என்று அதையே தனி அயிட்டமாக, ஒரு குழிக்கு இவ்வளவு என்று எஸ்டிமேட்டில் நுழைத்துவிட்டால் அவரே தேடித் தேடிக் குழி விடுவார். எங்களில் ஒருவர் ஒரு நகராட்சியில் இதை நுழைத்தார். அந்த ஒரு பக்கப் படமும் விவரக்குறிப்பும் இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கிடக்கிறது. பெயர் போட வேண்டாம், காப்புரிமை பேச வேண்டாம் என்பது மட்டும் நிபந்தனை.

இப்படிப் பகிர்வதற்கு ஆரம்பத்தில் எதிர்ப்பு இருந்தது. "என் டிராயிங்கைப் போட்டியாளருக்கு ஏன் கொடுக்கணும்?" என்றார்கள். இந்த ஊரில் எங்கள் போட்டியாளர் இன்னொரு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் இல்லை. "செடி எங்களிடம் வாங்குங்கள், டிசைன் ஃப்ரீ" என்கிற நர்சரிதான் போட்டியாளர். கட்டணம் எவ்வளவு கேட்பது, எதைக் கட்டணத்துக்குள் சேர்ப்பது, நட்ட பிறகு ஒரு வருஷம் போய்ப் பார்ப்பதற்குத் தனியாக வாங்குவதா என்பதை எல்லாம் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்த பிறகுதான் சிலர் அடிமாட்டு விலைக்கு வேலை எடுப்பதை நிறுத்தினார்கள். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன்.

தொழிலின் அங்கீகாரம் பற்றியும் கேட்பார்கள். உலக அளவில் இத்தொழிலின் கூட்டமைப்பான இஃப்லா 1948-ல் கேம்பிரிட்ஜில் தொடங்கியது. இந்தியாவில் ஐசோலா சங்கம் 2003-ல் பதிவானது. உலகத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாட்டில் எங்களுக்கென்று 2162 என்று தனி எண்கூட இருக்கிறது. ஆனால் இங்கே சட்டம் என்று பார்த்தால் 1972-ன் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் மட்டும்தான். லேண்ட்ஸ்கேப்புக்குத் தனிப் பதிவு கிடையாது. அந்தச் சட்டமும் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டப்பெயரைத்தான் காக்கிறது, வேலையை மற்றவர் செய்வதைத் தடுக்கவில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனிச் சட்டம் வேண்டும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும், நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அது வரும்வரை காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு டெண்டரில் "ஆலோசகர் குழுவில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரில் முதுகலை படித்த ஒருவர் இருக்க வேண்டும்" என்ற ஒரு வரி வந்தால், பத்துக் கருத்தரங்கு செய்யாததை அது செய்யும். டெண்டர் வெளியாகிக் கேள்வி கேட்கும் கூட்டம் நடக்கும்போதே அந்த வரியை எழுத்தில் கேளுங்கள். வேலை யாருக்குப் போனாலும் பரவாயில்லை என்று நினைக்கிறவர்கள் கேட்டால் இன்னும் நல்லது, அவர்கள் சொன்னால்தான் எடுபடும்.

சங்கக் கூட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. விருது விழாவுக்குக் கூடும் கூட்டம் மனு எழுத உட்காரும் நாளில் கூடாது. அது எல்லாத் தொழிலிலும் உள்ளதுதான், அதற்காக விலகி நிற்பதில் பயன் இல்லை. நாங்கள் கண்ட வழி சனிக்கிழமை காலை நடை. ஒரு பூங்கா, இல்லையென்றால் ஒரு பழைய தெரு. ஒன்றரை மணி நேரம், கடைசியில் டிபன். பேச்சாளர் கிடையாது, பவர்பாயிண்ட் கிடையாது. மாணவர்கள் வருவார்கள், வேலை இல்லாதவர்கள் வருவார்கள், இரண்டு வருஷம் குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டுத் திரும்பப் பார்க்கிற பெண்கள் வருவார்கள். பாதிப் பேருக்கு அடுத்த வேலை கிடைத்தது அந்த இட்லிக் கடையில்தான்.

நடைக்குத் தோட்டக்காரர்களையும் கூப்பிடுங்கள். அவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்துக் கூப்பிடுங்கள், சும்மா வரச் சொல்லாதீர்கள். ஒரு முறை வந்த பெரியவர், நாங்கள் பெருமையாகக் காட்டிய செடிவேலியின் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, இலைகளை விலக்கி உள்ளே காட்டினார். வெளியே பச்சை, உள்ளே வெறும் குச்சி, கணுவுக்குக் கணு மாவுப்பூச்சி. "டிராயிங்ல முக்கால் அடிக்கு ஒரு செடி வைக்கிறீங்கம்மா. திறப்பு விழாவுக்கு நல்லாருக்கும். ரெண்டு மழை போனா காத்து உள்ள போகாது, நாங்க ஒன்னு விட்டு ஒன்னு பிடுங்கிடுவோம்." பிடுங்கியதை என்ன செய்வீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். "ஆபீசர் வீட்டுக்குப் போகும்" என்றார், சிரிக்காமல். அதற்கப்புறம் எங்களில் பலர் செடி இடைவெளியைக் கூட்டிவிட்டு, மிச்சத்தைப் பராமரிப்புக்கு மாற்றக் கேட்கிறோம்.

பராமரிப்பு என்று வந்துவிட்டதால்: எந்தப் பூங்காத் திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள், அடுத்து மூன்றாவது வருஷம் சம்பளம் யார் தருவார்கள் என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத திட்டத்தில் மரவகையைப் பற்றி வாதாடுவது வீண் வேலை. பதில் இருக்கும் திட்டத்தில் வாதாடுங்கள். கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் வேண்டாம், புன்னையோ பூவரசோ போடுங்கள் என்று அப்போது சொன்னால் அர்த்தம் இருக்கிறது.

பேச இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கிராமமென்றால் கிராம சபை, இப்போது வருஷத்துக்கு ஆறு முறை. நகரமென்றால் வார்டு குழுவும் பகுதி சபையும் 2022 விதிகளில் வந்தன, அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதல் கூட்டங்கள் நடந்தன. போய்ப் பாருங்கள். ரோடு, குப்பை, தெருவிளக்கு என்று போகும். உங்கள் முறை வரும்போது இரண்டு நிமிஷம்கூடக் கிடைக்காது. ஒரே ஒரு கோரிக்கை, எந்தத் தெரு, எந்த இடம், என்ன செய்ய வேண்டும், அது தீர்மானத்தில் பதிவாக வேண்டும். முப்பரிமாணப் படம் கொண்டு போகாதீர்கள். அதைப் பார்த்தாலே "இது பெரிய பட்ஜெட்" என்று ஒதுக்கிவிடுவார்கள். பக்கத்து வீட்டு அம்மா பேசி நீங்கள் பின்னால் நிற்பது மேல்.

அரசு நிலத்தில் மரம் வெட்டப்போவதாகத் தெரிந்தால், மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2021-லிருந்து அந்த நடைமுறை இருக்கிறது. கேட்டவுடன் வேலை ஒரு நாள் நின்றாலே பேச அவகாசம் கிடைக்கும். எஸ்டிமேட் நகல் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "ஏன் மரம் நடவில்லை" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் இல்லை. "இந்தப் பணியின் மதிப்பீட்டு நகல், எம்-புக் பக்கங்கள்" என்று கேட்டால் வரும்.

அடுக்குமாடி வளாகங்களில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளி ஒதுக்கீடு. மனையின் பரப்பு பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். பொதுமக்களுக்கான நிலம் அது. நடப்பில் பல இடங்களில் வளாகத்தின் மூலையில், வாசலே தெரியாதபடி, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் போய் ஒளிந்திருக்கும். லேஅவுட் போடும் கட்டத்தில் நாம் அங்கே இருந்தால், அந்தப் பத்து சதவீதத்தைத் தெரு பார்த்த பக்கம் வைக்கச் சொல்லலாம். பில்டருக்கும் அதில் நஷ்டம் ஒன்றும் பெரிதாக இல்லை, சொல்ல ஆள் இருந்தால் பாதிப் பேர் கேட்டுக்கொள்கிறார்கள். எங்கள் குழுவில் பில்டர் வேலையே எடுக்காத தூய்மைவாதிகள் உண்டு. அவர்களை மதிக்கிறேன். ஆனால் அந்த அறைக்குள் உட்காராமல் இதைச் சாதிக்க எனக்கு வழி தெரியவில்லை.

இப்போது கையில் இருக்கும் வேலை, சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான். 2008-ல் வந்த இரண்டாவது திட்டம் 2026 வரைக்கானது. அடுத்ததன் வரைவு வெளியாகும்போது ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்பார்கள். கடைசி வாரத்தில் பதறி, "நீர்நிலைகளைக் காக்க வேண்டும்" என்று பொதுவாக ஒரு கடிதம் அனுப்பினால் ஒன்றும் நடக்காது. அதனால் இப்போதே ஆளுக்கொரு கிராமமாகப் பிரித்துக்கொண்டு, வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் ஏரி, குளம், தாங்கல், மேய்க்கால் என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணையும் எடுத்து, நில அளவைப் படமான புலப்படத்தோடு ஒப்பிட்டு, நேரில் போய்ப் படம் பிடித்து ஒரே அட்டவணையில் போட்டுக்கொண்டிருக்கிறோம். சலிப்பான வேலைதான். அ-பதிவேடு இணையத்திலேயே கிடைக்கிறது, வட்டமும் கிராமமும் சர்வே எண்ணும் தெரிந்தால் போதும். பழைய எண்ணையும் புது எண்ணையும் குழப்பிக்கொள்ளாமல் இரண்டையும் எழுதி வையுங்கள். பல ஆட்சேபங்கள் அந்த ஒரு காரணத்துக்காகவே திரும்பி வருகின்றன. தாம்பரத்துக்குத் தெற்கே இன்னும் பல கிராமங்களுக்கு ஆள் இல்லை. அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் யாராவது இருந்தால், லேண்ட்ஸ்கேப் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஒரு சனிக்கிழமை நடைக்கு வாருங்கள்.